பூச்சி மருந்தைப் பூட்டுங்கள், உயிரைக் காத்திடுங்கள்



சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்துக்கென்று தனிக் கிடங்கு, பூட்டு, அளவு எல்லாம் விதிப்படி உண்டு. ஆனால் பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற பூச்சி மருந்து? பல வீடுகளில் பரண் மேலேயே கிடக்கிறதே!

கடன், சண்டை, அவமானம் என்று மனம் உடைகிற வேளை யாருக்கும் வரலாம். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டக் கூடாது.

"சாக நினைச்சவன் வேற வழி தேட மாட்டானா?" என்று கேட்பீர்கள். இலங்கையைப் பாருங்கள். 1995-லும் 1998-லும் கொடிய பூச்சி மருந்துகளைத் தடுத்தார்கள். 2005-க்குள் தற்கொலை விகிதம் பாதியானது. விளைச்சலும் குறையவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாவோரில் பாதிக்கு மேல் தற்கொலைதான். அங்குள்ள மருத்துவர்களும் துப்பாக்கியைப் பூட்டி வைக்கவே சொல்கிறார்கள்.

கணவன், மனைவி இருவரும் செய்ய வேண்டியவை:

1. தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

2. வீட்டுக்கு வெளியே பெட்டியில் பூட்டுங்கள். ஊர்ப் பொது இடத்தில் பூட்டினால் இன்னும் நல்லது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

3. வாடியிருப்பவரைத் தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது தப்பில்லை. திட்டாமல், காது கொடுத்துக் கேளுங்கள்.

4. மனநல உதவிக்கு 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம். யாராவது விஷம் குடித்துவிட்டால் உடனே 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இன்றைக்கே ஒரு பூட்டு வாங்குங்கள்!