ஒருவும் ஓரும், ‘ஏ’யும் ‘அன்’னும்

ஆங்கிலங் கற்கும் நம் மாணவர் நெடிய சொற்களை எளிதில் மனனஞ் செய்துவிடுகின்றனர்; ‘ஏ’, ‘அன்’ என்னும் இரு சிறு சொற்களிடத்தேதான் இடறுகின்றனர். இன்னதெனச் சுட்டாது பொதுவாய்க் கூறப்படும் ஒருமைப் பெயர்க்கு முன் வருவன இவை. இவற்றுள் எது எங்கு வரும் என்பதை அறியத் தமிழ் மாணவனுக்குத் தன் தாய்மொழியே நற்றுணையாகும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்பது ஒன்று என்னும் எண்ணைக் குறித்தது. அது குறுகி ‘அன்’ ஆயிற்று. மெய்யொலிக்கு முன் ஈற்று னகரம் கெட, ‘ஏ’ ஆயிற்று. தமிழிலும் ‘ஒன்று’ என்பதே மெய்க்கு முன் ‘ஒரு’ எனவும், உயிர்க்கு முன் ‘ஓர்’ எனவும் திரிகின்றது. ஒரு கப்பல், ஓர் ஓடம் என்பது போலவே ‘ஏ ஷிப்’, ‘அன் ஐலண்ட்’ என்க.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி வேறு. விதி ஒலியையே பற்றும். மணியைக் குறிக்கும் ‘அவர்’ என்னும் சொல் ‘எச்’ என்னும் மெய்யெழுத்தில் தொடங்கினும், அவ்வெழுத்து ஒலியாமையின் ‘அன் அவர்’ என்பதே சரி. துறைமுகத்தைக் குறிக்கும் ‘ஹாபர்’ என்பதில் அவ்வெழுத்து ஒலித்தலின் ‘ஏ ஹாபர்’ என வரும். ‘யூனிவேசிற்றி’ உயிரெழுத்தில் தொடங்கினும் யகர ஒலி பெறுதலின் ‘ஏ’ கொள்ளும். ‘ஏ பி.ஏ.’, ‘அன் எம்.ஏ.’ என்பனவும் இவ்வாறே. எழுத்தைக் கண்ணாற் பாராது, ஒலியைக் காதாற் கேட்டறிக.

பெயரை அன்று, அடுத்து நிற்குஞ் சொல்லையே நோக்குக. ‘ஏ போட்’ என்பது பழைய படகாயின் ‘அன் ஓல்ட் போட்’ ஆகின்றது.

இனி, தமிழ் கைவிடும் இடங்களைக் காண்போம். ‘அவர் பொறியியலாளர்’ என்னும் போது நாம் ‘ஒரு’ சேர்ப்பதில்லை. ஆங்கிலத்திலோ ‘ஹீ இஸ் அன் எஞ்சினியர்’ என்றே கூறல் வேண்டும். ‘ஓர் அறிவுரை’, ‘ஒரு தகவல்’ என்கின்றோம். ஆங்கிலத்தில் ‘அட்வைஸ்’, ‘இன்போமேஷன்’ என்பன எண்ணப்படா. ஆதலின் இவற்றின்முன் ‘அன்’ வாராது. ‘ஓயில்’ என்னும் எண்ணெயும் அளக்கப்படுவதேயன்றி எண்ணப்படுவதன்று. எனினும் சீனன்குடாவில் நிற்கும் எண்ணெய்க் குதங்களுள் ஒன்றை ‘அன் ஓயில் டாங்க்’ என்கின்றோம். அங்கே ‘அன்’ பொருளாற் குதத்துக்கும், ஒலியால் எண்ணெய்க்கும் உரியது.

‘ஏ ஷிப் ஹாஸ் கம்’ எனின் கப்பலொன்று வந்துள்ளது என்பது பொருள். ‘ஏ’ இருந்த இடத்தில் ‘த’ வரின், எதிர்பார்த்த அந்தக் கப்பலே வந்துவிட்டது என்றாகும். கரையிற் காத்திருப்போர்க்கு இவை இரண்டும் ஒரு செய்தி ஆகா.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. இயந்திரம் பழுதுற்றுக் கடலில் நிற்கும் படகிலிருந்து ஒரு செய்தி வருகின்றது எனக் கொள்வோம். ‘வீ ஹாவ் ஏ லிற்றில் வோட்டர்’ எனின், கொஞ்சம் நீர் உண்டு, சிறிது பொறுக்கலாம் என்பது கருத்து. ‘ஏ’ இன்றி ‘வீ ஹாவ் லிற்றில் வோட்டர்’ எனின், நீர் இல்லையெனத் தக்க அளவிற்குக் குறைந்துவிட்டது, விரைந்து வருக என்பதாகும். ஓரெழுத்து விடுபட்டால் நம்பிக்கை முறையீடாக மாறுகின்றது. தவறிச் சேர்ந்தால் முறையீடே மறைந்துவிடுகின்றது. சிறு சொல்லென்று இதனை இகழ்தல் தகுமோ?

ஆதலின் மாணவர்காள், எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு பெயரிடத்தும் எண்ணப்படுவதா, முன்னரே அறிந்ததா, அடுத்த ஒலி யாது என்னும் மூன்றையும் வினவுங்கள். ‘ஏ போய்’ ஆகக் கல்லூரி வாயிலிற் புகுந்தவர் ‘அன் ஓல்ட் போய்’ ஆக இம்மலரை வாசிக்கின்றார். இடையில் வந்த ஒரு சொல்லே ‘ஏ’யை ‘அன்’ ஆக்கியது என்பதை அவர் மறவாதிருப்பாராக.