பகு எண்தான், ஆனால் காரணி எங்கே?

147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது; சுருக்கமாக 2⁶⁷ − 1. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூற்று அசையவில்லை.

நம்பிக்கை: அடுக்கு பகா எண்ணாக இருந்தால், இப்படிக் கிடைக்கும் எண்ணும் பகா எண்தான்.

உண்மை: 2, 3, 5, 7 என்ற அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று வரிசையாகப் பகா எண்களே வருவதால் நம்பத் தோன்றும். அடுத்த அடுக்கான 11இலேயே பொய்த்துவிடுகிறது: 2047 = 23 × 89.

நம்பிக்கை: ஓர் எண்ணைப் பகு எண் என்று சொல்ல வேண்டுமானால், ஒரு காரணியையாவது காட்டியாக வேண்டும்.

உண்மை: இல்லை. எண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1876இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா, 2⁶⁷ − 1 பகு எண் என்று நிறுவினார். அதன் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை. அவருடைய வழியைக் கணிதர் லேமர் பின்னாளில் செப்பம் செய்தார். அந்த வடிவம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 31க்கு (அடுக்கு 5) மூன்று முறை போதும்: 14; பிறகு 194, மீதி 8; பிறகு 62, மீதி 0. பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 2⁶⁷ − 1க்கு 65 முறை செய்ய வேண்டும். முடிவில் பூஜ்யம் வராது. காரணி எது என்பதைப் பற்றி அந்த மீதி வாய் திறப்பதில்லை. பகுபடும் என்று அறிவது ஓர் அறிவு, எதனால் பகுபடும் என்று அறிவது வேறோர் அறிவு. வகுப்பறையில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லித் தருகிறோம்; அது பெரிய இழப்பு.

நம்பிக்கை: காரணி தேடுவதென்றால் 3, 5, 7 என்று எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

உண்மை: 2⁶⁷ − 1இன் எந்தக் காரணியும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும், 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். மற்றவற்றைத் தொடவே வேண்டாம். 1903இல் அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல் கண்ட காரணிகள் 193707721, 761838257287. முதலாவது 134 × 1445580 + 1. கோல் மேடையேறி, ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்ற கதை, பல பத்தாண்டுகள் கழித்துக் கணிதர் ஈ. டி. பெல் எழுதியதால் பரவியது. கோல் வெறும் வகுத்தலை நம்பி உட்காரவில்லை என்பதற்கு அவரது கட்டுரையே சான்று: இருபடி மீதிகளைக் கொண்டு தேடலைச் சுருக்கிய முறையை அதில் விளக்கியிருக்கிறார்.

நம்பிக்கை: இது கணினிக்கு முந்தைய காலத்துச் சிக்கல்.

உண்மை: 2⁶⁷ − 1ஐ இன்றைய கணினி நொடிக்குள் உடைத்துவிடும். ஆனால் 385 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷⁷ − 1 பகு எண் என்பது உறுதி. அதன் ஒரு காரணியைக்கூட இன்னும் எவரும் கண்டதில்லை.