குழியும் இல்லை, பந்தும் இல்லை

‘கோல்ஃப்’ விளையாட்டைத் தமிழில் குழிப்பந்தாட்டம் என்கிறோம். பொருத்தமான சொல்தான். ஆனால் ‘டிஸ்க் கோல்ஃப்’ என்று இன்னொரு விளையாட்டு இருக்கிறது. அதில் குழியும் இல்லை, பந்தும் இல்லை. இதற்கு என்ன பெயர் சூட்டுவது? கலைச்சொல் ஆக்கத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் யோசிக்கட்டும். அதுவரை இக்கட்டுரையில் ‘வட்டெறி ஆட்டம்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்டு விடுமுறையில் கலிபோர்னியாவின் பாசடினா நகரில் வசிக்கும் என் பெரியம்மா மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். “கைப்பேசியையே பார்த்துக்கிட்டு இருந்தது போதும், கிளம்பு தம்பி” என்று ஒரு சனிக்கிழமை காலை அத்தான் என்னை இழுத்துக்கொண்டு போன இடம் ஹஹமோங்னா பூங்கா. அம்மண்ணின் பூர்வகுடிகளான டோங்வா மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் இது. முன்பு ஓக் குரோவ் பூங்கா என்று அழைத்தார்கள். உலகின் முதல் நிரந்தர வட்டெறி மைதானம் 1975இல் இங்குதான் அமைந்தது என்று அத்தான் சொன்னபோது, ஏதோ பெரிய அரங்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். போய்ப் பார்த்தால் கருவாலி மரங்கள், ஒற்றையடிப் பாதைகள், நாயோடு நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள். மைதானம் எங்கே என்று கேட்டேன். “இதுதான்” என்றார்.

இந்த மைதானத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். ‘ஃபிரிஸ்பீ’ தட்டு நேராகப் பறக்கும்படி அதன் மேற்பரப்பில் வரிகளை அமைத்து 1967இல் காப்புரிமை பெற்றவரும் இவரே. தொடக்கத்தில் இலக்குகளாக வெறும் கம்பங்களைத்தான் நட்டார்கள். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் வந்தால் ஆட்டம் எப்படி நடக்கும்? எனவே, கம்பத்தின் மேலே சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையைப் பொருத்தினார். வட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும். அதற்கான காப்புரிமை 1977இல் கிடைத்தது. 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே அவரது சாம்பலைக் கலந்து வட்டுகள் செய்தார்களாம். ஆற்றில் கரைக்கும் வழக்கமுள்ள நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம்.

ஆட்டம் எளிது. எறிமேடையிலிருந்து எறிய வேண்டும். வட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் எறிய வேண்டும். கூடையில் சேரும்வரை எத்தனை எறிகள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். பதினெட்டுக் கூடைகளுக்கும் சேர்த்துக் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். தூரத்திற்கு ஒரு வட்டு, நடுத்தூரத்திற்கு ஒன்று, கூடைக்கு அருகில் வந்ததும் வேறொன்று. கடைசியாகச் சொன்னதற்குப் பெயர் ‘பட்டர்’. கோயில் பட்டர் அல்லர்.

இந்த ஆட்டம் ஏன் பூங்காக்களுக்குள் வந்தது? குழிப்பந்தாட்டத்திற்குத் தனி நிலம் வேண்டும், புல்லை வெட்டிப் பராமரிக்க வேண்டும், வேலி வேண்டும். வட்டெறி ஆட்டத்திற்கு இருக்கிற மரங்களே தடைகள், இருக்கிற சரிவே களம். கூடைகளை நட்டால் போதும். பூங்கா நிர்வாகங்களுக்குச் செலவு குறைவு. பல இடங்களில் ஆடுபவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் எந்தக் காரணத்தால் இது மலிவாகிறதோ, அதே காரணத்தால்தான் வட்டு பறக்கும் வழியில் மனிதர்கள் நடக்கிறார்கள். வேலி இல்லாத மைதானத்தில் யாரும் நுழைவார்கள். நுழைய அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

1975இல் இது பெரிய சிக்கலாக இருந்திருக்காது. அப்போது எறிந்தவை கடற்கரையில் எறிகிற அகலமான, மெதுவான தட்டுகள். 1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சாய்வாகச் சீவிய வட்டு ஒன்றை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வட்டு அது. இன்றைய வட்டுகள் அதன் வழிவந்தவை. விட்டம் 21 செ.மீ. அளவுதான், எடை பெரும்பாலும் 170 கிராமை ஒட்டியிருக்கும், விளிம்பு கடினமானது. தேர்ந்த ஆட்டக்காரர் எறிந்தால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தையும் தாண்டும். தட்டு மாறிவிட்டது. பாதையில் நடக்கும் பாட்டியின் வேகம் மாறவில்லை.

பாட்டி என்று சும்மா உதாரணத்திற்காகச் சொல்லவில்லை.

நான்கு கூடைகள் முடிந்திருந்தன. அதுவரை எனக்கு நடுத்தூர வட்டைத்தான் கொடுத்திருந்தார் அத்தான். அவர் எறியும் ‘டிரைவர்’ வட்டு மரங்களுக்கு அப்பால் போய் விழுவதைப் பார்த்து எனக்கும் ஆசை. ஒரு முறை, ஒரே ஒரு முறை என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். எறிமேடையில் நின்று முன்னால் பார்த்தேன். யாரும் இல்லை. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தேன்.

இங்கே கொஞ்சம் அறிவியல். வலக்கைக்காரர் புறங்கையால் எறியும் வட்டு, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். வேகம் குறையும்போது காற்று அதன் முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கும். சுழலும் பொருளோ தள்ளிய பக்கம் சாயாது. பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். வட்டு பக்கவாட்டில் சாய்ந்து இடப்புறம் திரும்பிவிடும். வேகமான வட்டு ஒழுங்காகப் பறக்க வேகமாக எறிய வேண்டும். என்னைப் போன்ற கற்றுக்குட்டி மெதுவாக எறிந்தால் அது சீக்கிரமே, இன்னும் கூர்மையாக இடப்பக்கம் வெட்டும். அதாவது, நான் பார்த்த திசை ஒன்று, வட்டு போகப்போகும் திசை வேறொன்று.

இடப்பக்கம் ஒரு பெரிய மரம். மரத்திற்குப் பின்னாலிருந்து வந்த நடைபாதையில், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு மூதாட்டி வெளிப்பட்டார்.

இப்படிப்பட்ட நேரத்தில் ‘ஃபோர்!’ என்று கத்த வேண்டும் என்று காலையிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். அந்தச் சொல் வரவில்லை. பள்ளியில் படித்த ஆங்கிலமும் மலாயும் வரவில்லை. “பாட்டி, பார்த்து!” என்றுதான் வாயில் வந்தது. சொல் புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று நின்றார். வட்டு அவருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் தரையில் பட்டு, சறுக்கிக்கொண்டு போய் வண்டிச் சக்கரத்தில் முட்டி நின்றது. குழந்தை அதை எட்டிப் பார்த்தது. எனக்குக் கால்கள் நடுங்கின.

அத்தான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அந்த அம்மையார் திட்டவில்லை. “இங்கே இதையெல்லாம் எறியலாமா?” என்று மட்டும் கேட்டார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அங்கே மைதானம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. முதலில் எனக்கு அது வியப்பாக இருந்தது. பிறகுதான், அவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அவர் பேரப்பிள்ளையோடு நடக்க வந்தவர்.

அன்றிரவு விதிகளை எடுத்துப் படித்தேன். 1976இல் ஹெட்ரிக் தொடங்கிய தொழில்முறை வட்டெறிச் சங்கத்தின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: பிறருக்குக் காயம் ஏற்படக்கூடும் என்றால் எறியக் கூடாது. மீறினால் போட்டியில் முதலில் எச்சரிக்கை, பிறகு ஒவ்வொரு முறையும் ஓர் எறி தண்டம். பொறுப்பு முழுவதும் எறிபவர்மேல். ‘ஃபோர்’ என்று கத்துவது அந்தப் பொறுப்பைக் கழித்துவிடாது. பொறுப்பு தவறியபின் செய்கிற கடைசி வேலை அது.

மீதி ஆட்டத்தை அத்தான் வேறு மாதிரி நடத்தினார். டிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டார். “தப்பு என்னுதுதான், கேட்டதும் கொடுத்திருக்கக் கூடாது” என்றார். மறைவான பாதை இருந்த இடங்களில் ஒருவர் முன்னே போய் மரத்தடியில் நின்று கை காட்டினால்தான் மற்றவர் எறிந்தார். குதிரைகள் வந்தால் அவை கண் மறையும்வரை காத்திருந்தோம். உண்மையைச் சொன்னால், எறிந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். நிற்கும்போதுதான் அந்த மரங்களை நன்றாகப் பார்த்தேன். அணிலுக்கும் அங்கே குறைவில்லை.

பதினான்காவது கூடையருகே ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் நின்றோம். அவர்களில் ஒருவர், பரவாயில்லை, எறியுங்கள் என்று சிரித்தபடி சைகை காட்டினார். அத்தானும் சிரித்து, கையசைத்துவிட்டு, வட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த எறிமேடைக்கு நடந்தார். அன்றைய மதிப்பெண் தாளை ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான் அத்தானைவிட முப்பத்தொரு எறிகள் அதிகம். பதினான்காவது கட்டம் மட்டும் இருவருக்கும் காலியாக இருக்கிறது.