மனிதர் தொகையும் விலங்குத் தொகையும்: பெங்களூருவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

உலக மக்கள் தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. இத்தொகை பெரிதா, சிறிதா என்பது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எண்ணிக்கையை மட்டும் கொண்டால் மனிதன் முதலிடத்தில் இல்லை. 2022இல் வெளியான ஆய்வொன்று உலகில் ஏறத்தாழ 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆளுக்கு 25 லட்சம் எறும்புகள்! எறும்புகளில் பல்லாயிரம் இனங்கள் உண்டு என்பதால் இது ஓரினத்துக்கும் ஓரினத்துக்கும் இடையிலான ஒப்பீடு ஆகாது எனலாம். எனினும், ஒரே இனமான வீட்டுக்கோழிகூட மனிதரைப்போல் சுமார் மூன்று மடங்கு உள்ளது.

எடையைக் கொண்டு பார்த்தால் படம் மாறுகிறது. உடலிலுள்ள கரியின் அளவால் எடைபோட்டால், உலகின் எறும்புகள் அனைத்தும் 1.2 கோடி டன். மனிதர் 6 கோடி டன். 2018இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் கால்நடைகளின் பங்கு 60 சதவீதம், மனிதரின் பங்கு 36 சதவீதம். யானை, திமிங்கிலம் முதலாகக் காட்டிலும் கடலிலும் வாழும் எஞ்சிய அனைத்துக்கும் சேர்த்து 4 சதவீதமே. கால்நடைகளும் மனிதனுக்காகவே பெருக்கப்பட்டவை. இந்தியாவில் மட்டும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 53.58 கோடி கால்நடைகளும் 85.18 கோடி கோழியினங்களும் இருந்தன.

இனிக் கர்நாடகத்தின் கணக்கு. 2011இல் மாநில மக்கள் தொகை 6.11 கோடி. 2022 மதிப்பீட்டின்படி மாநிலத்தில் புலிகள் 563. 2023 மதிப்பீட்டின்படி யானைகள் 6,395. அதாவது, யானை ஒன்றுக்கு ஏறத்தாழ 9,500 மனிதர். புலி ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். பெங்களூரு மாநகரில் 2023இல் மதிப்பிடப்பட்ட தெருநாய்கள் 2.79 லட்சம். 2011இன் 84.4 லட்சம் மக்கள் தொகையைக் கொண்டே பார்த்தாலும் 30 பேருக்கு ஒரு நாய்.

இவ்வெண்கள் யாவும் ஒரே முறையில் பெறப்பட்டவை அல்ல என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். மனிதர் வீடு வீடாக எண்ணப்படுகின்றனர். விலங்குகள் மாதிரிப் பரப்புகளைக்கொண்டு மதிப்பிடப்படுகின்றன. எந்த இரு புலிகளுக்கும் உடற்கோடுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. எனவே தானியங்கிப் புகைப்படக் கருவிகளில் ஒரே புலி எத்தனை முறை மீண்டும் பதிவாகிறது என்பதிலிருந்து மொத்த எண்ணிக்கை கணிக்கப்படுகிறது. இம்முறையை நாகரஹொளே காட்டில் உருவாக்கி நிலைநாட்டியவர் உல்லாஸ் காரந்த்.

ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றது அடர்த்தியே ஆகும். பெரிய விலங்கு குறைவாகவும் சிறிய விலங்கு நிறைவாகவும் இருக்கும் என்பது பொது அறிவு. 1981இல் ஜான் டேமத் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஓர் அளவு கண்டார். தாவர உண்ணிப் பாலூட்டிகளில் உடல் எடை பத்து மடங்கு கூடினால் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது அவர் முடிவு. மனிதன் அளவு எடையுள்ள விலங்குக்கு இக்கணக்கு தருவது சதுர கிலோமீட்டருக்கு ஒற்றை இலக்க எண்ணே. புள்ளிமான் ஏறத்தாழ மனித எடையே கொண்டது. ஆசியாவிலேயே தாவர உண்ணிகள் மிகச் செழித்த காடுகளுள் ஒன்றான நாகரஹொளேயில் அதன் அடர்த்தி சுமார் 50 எனக் கணிக்கப்பட்டது. 2011இல் இந்தியாவின் மக்கள் அடர்த்தி 382. பெங்களூரு நகர மாவட்டத்தினது 4,381. மானைவிடச் சுமார் 88 மடங்கு!

மான் தன் காட்டின் புல்லையும் நீரையும் கொண்டே வாழ வேண்டும். நகர மனிதனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேறுபாட்டின் காரணம் இதுவே. நெல்லும் பாலும் காய்கறியும் வெளியிலிருந்து வருகின்றன. நீரும் அப்படியே. 1901இல் நகரமும் ராணுவக் குடியிருப்பும் சேர்ந்து 1.59 லட்சம் பேரே இருந்தபோது, 1896இல் தொடங்கிய ஹெசரகட்டா ஏரித்திட்டம் நீர் தந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் தேவைப்பட்டது. 1974 முதல் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்விசையால் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. இந்த ஏற்றம் நின்றுவிட்டால் அடர்த்தி பற்றிய டேமத்தின் விதி நகருக்கும் பொருந்தத் தொடங்கும் எனலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2024 மார்ச்சில் நகரின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக மாநில அரசு தெரிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், நகருடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் நோக்குடையது. அக்கிராமங்களில் இன்று எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதற்கு 2011க்குப் பிந்தைய முழு எண்ணிக்கை கிடையாது. புலியும் யானையும் தெருநாயும் அதற்குப்பின் எண்ணப்பட்டுவிட்டன, மனிதர் எண்ணப்படவில்லை. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2025 ஜூனில் வெளியான அறிவிக்கை, கர்நாடகம் உட்பட நாட்டின் பெரும்பகுதிக்கு அதன் குறிப்பு நாளை 2027 மார்ச் 1 என வகுத்துள்ளது.