மலைத் தீவுகளில் பூக்கும் குறிஞ்சி

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதியே தீவு என்று புவியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். நீர் சூழாத தீவுகளும் உண்டு. உயர்ந்த மலையின் குளிரில் வாழப் பழகிய செடிக்கு, கீழே உள்ள வெப்பமான சமவெளி கடலைப் போன்றது. அதைக் கடந்து அடுத்த மலையை அடைய அதனால் இயலாது. இத்தகைய மலையுச்சிகளை அறிஞர்கள் 'வானத் தீவுகள்' என்பர். அங்கே வாழும் செடிகளுள் ஒன்று நீலக்குறிஞ்சி.

எங்கே வளர்கிறது?

மலைநிலத்துக்கே தன் பெயரைத் தந்த பூ குறிஞ்சி. ஆயினும் நீலக்குறிஞ்சி எல்லா மலைகளிலும் வளர்வதில்லை. பெரும்பாலும் 1300 முதல் 2400 மீட்டர் வரை உயரமுள்ள புல்வெளிகளே அதன் இருப்பிடம். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாறு ஆகிய இடங்களில் திட்டுத் திட்டாகக் காணப்படுகிறது. நம் அண்ணாமலையின் உயரமோ ஏறத்தாழ 800 மீட்டர்தான். கார்த்திகை தீபம் ஏற்றும் உச்சியிலும் இச்செடியைக் காண முடியாது.

ஏன் குறைகிறது?

குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மலைச்சரிவுகள் நீலமாயின. பூத்து விதை முற்றியதும் செடி மடிந்துவிடும். விதைகள் தாய்ச்செடியின் அருகிலேயே விழுந்து முளைக்கும். ஒரு சரிவில் உள்ள செடிகள் பெரும்பாலும் ஒரே வயதுடையவை. எனவே பூப்பதற்கு முன் அச்சரிவை அழித்தால் விதைக்கு வழியில்லை. வேறு மலையிலிருந்து விதை வந்து சேரவும் வழியில்லை. தேயிலைத் தோட்டங்களும், தைலமரம், சீகைமரக் காடுகளும் இவ்வாறு பல புல்வெளிகளை விழுங்கிவிட்டன.

காக்கும் முயற்சிகள்

எந்தச் செடி எங்கே உள்ளது என்று அறிவதே பாதுகாப்பின் முதற்படி. திருச்சி தூய வளனார் கல்லூரியின் சேசு சபைத் துறவி அருள்தந்தை கே.எம். மத்தேயு பழனிமலைத் தாவரங்களை ஆராய்ந்து 1999இல் விரிவான நூலாக வெளியிட்டார். 2006இல் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது.

தோழியரே, அடுத்த பெரும் பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது கொடைக்கானலுக்கோ உதகைக்கோ செல்வோர் கண்ணாரக் கண்டு மகிழுங்கள். ஒரு கொத்தையும் பறிக்காதீர்கள். இன்று பறிக்கும் பூ, 12 ஆண்டுகளுக்குப் பின் பூக்க வேண்டிய செடியின் விதை!