மழைக்கு முன் ஆட்டுக் குளம்பைப் பாருங்கள்

எப்போதும்வென்றான், எட்டயபுரம், வேம்பூர் பகுதிகளில் மானாவாரி விவசாயிக்கு வெள்ளாமை பொய்த்தாலும் கைகொடுப்பது செம்மறி ஆடு. நடந்து மேயும் ஆட்டுக்குக் காலே ஆதாரம். நொண்டும் ஆடு மந்தைக்குப் பின்தங்கி, இரை குறைந்து மெலியும். தாய் ஆடானால் பால் வற்றிக் குட்டியும் வாடும். வியாபாரியும் விலையைக் குறைப்பார்.

நோய் வரும் விதம்

கோடையில் கட்டாந்தரையில் நடப்பதால் குளம்பு ஓரளவு தேயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறு குளம்பு இடுக்கில் அப்பிக் கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் வழியே கிருமிகள் புகுந்து குளம்பழுகல் நோய் உண்டாகும். இடுக்கு சிவந்து, கெட்ட நாற்றம் வீசும். கவனிக்காவிட்டால் குளம்பு ஓடு கழன்று விடும்.

குளம்பு வெட்டுதல்

புரட்டாசியிலேயே எல்லா ஆடுகளின் குளம்பையும் பார்த்துவிடுவது நல்லது. நீண்டு மடங்கிய ஓட்டை மட்டும் கூரிய கத்தியால் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ரத்தம் வரக் கூடாது. அழுகிய குளம்பை ஆழமாகச் செதுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அதனால் புண் ஆறத் தாமதமாகும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

நொண்டினால் என்ன செய்வது?

முதலில் சீமைக்கருவேல முள் தைத்திருக்கிறதா என்று பார்க்கவும். முள் இல்லாமல் நாற்றம் இருந்தால், அன்றே அந்த ஆட்டைப் பிரித்து மேடான, உலர்ந்த இடத்தில் கட்டவும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து, குளம்பு மூழ்கும்படி 10 முதல் 15 நிமிடம் நிறுத்தி, பின் கால் உலர விடவும். முன்னதாகவே தண்ணீர் காட்டிவிட்டால் ஆடு கரைசலைக் குடிக்காது. மயில்துத்தம் வேண்டாம், உள்ளே போனால் செம்மறிக்கு நஞ்சாகும். கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டால் விரைவில் குணமாகும்.

இக்கிருமி பெரும்பாலும் 2 வாரங்களுக்கு மேல் மண்ணில் தங்காது. எனவே நோய் கண்ட பட்டியை அதுவரை காலியாக விட்டு, ஆடுகளை வேறிடத்தில் அடைக்கவும்.

எச்சரிக்கை

பல ஆடுகள் ஒரே சமயத்தில் நொண்டி, வாயில் புண்ணோ, எச்சில் வடிதலோ, முகவீக்கமோ கண்டால் அது கோமாரியாகவோ நீலநாக்கு நோயாகவோ இருக்கலாம். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.