வராதவர்களுக்கும் சேர்த்துப் பேசு

நாகர்கோவில்

அன்புள்ள மக்ளே,

பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளியில் உன்னை எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்த செய்தி கிடைத்தது. சந்தோஷம். "பெரியப்பா, எனக்கு மலையாளமே தட்டுத்தடுமாறித்தான் வரும். அங்கே போய் நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாய். நீ இருக்கிற திருவனந்தபுரத்திலேயே வாத்தியாராக இருந்த காலத்தில் பி.டி.ஏ. என்கிற பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டங்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்தவன் நான். எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

அந்த இடம் யாரோ மனமிரங்கி உனக்குக் கொடுத்தது என்று நினைக்காதே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைத் தருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் உண்டு. குழுவின் வேலைகளில் மூன்று முக்கியம்: பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

இதில் வளர்ச்சித் திட்டத்தைத்தான் பலரும் தலைமை ஆசிரியர் (ஹெச்.எம்.) பாடு என்று விட்டுவிடுகிறார்கள். கேரளத்தில் 1990களிலேயே அரசுப் பள்ளிகள் உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு வந்துவிட்டன. நகரத்துக்குள் இருப்பவை மாநகராட்சியின் பொறுப்பு. 1996இல், உள்ளூர் மக்களே திட்டமிடுகிற 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவாயிற்று. ஆகவே கேட்க வேண்டிய பணம் எட்டாத தூரத்தில் இல்லை. கேட்கிற முறைதான் முக்கியம். "கக்கூஸுக்குக் கதவில்லை" என்று ஜெனரல் பாடியில் சத்தம் போட்டால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். அதையே மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றி, வளர்ச்சித் திட்டத்தில் எழுதி, வார்டு கவுன்சிலர் கையில் கொடுத்து, வார்டு சபையிலும் எழுந்து சொன்னால், மாநகராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் இடம்பிடிக்க வழி உண்டு. உட்கார்ந்து எழுதுகிற பொறுமைதான் இதற்கு வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். ஜூனில் பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்த வருடம் எத்தனை வகுப்புப் பிரிவு (டிவிஷன்), எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான். ஒன்றிரண்டு பிள்ளைகள் குறைந்து ஒரு டிவிஷனே போவதுண்டு. எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்தால் 'அன்எகனாமிக்', அதாவது கட்டுப்படியாகாத பள்ளி, என்ற பெயர் விழுந்துவிடும். அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் டீச்சர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். கூட நீயும் போ. "என் பிள்ளை அங்கேதான் படிக்கிறான்" என்று ஒரு தாய் சொல்கிற சொல்லுக்கு, வாசலில் கட்டுகிற பேனரைவிட மதிப்பு அதிகம்.

ஊரே சேர்ந்து பள்ளிக்குத் துணை நின்றதும் உண்டு. 2017 ஜனவரி 27ஆம் தேதி, கேரளம் முழுக்கப் பெற்றோரும் பழைய மாணவர்களும் அரசுப் பள்ளிகளைச் சுற்றிக் கைகோத்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் அப்படித்தான் தொடங்கிற்று. பிறகு புதுக் கட்டடங்கள் வந்தன. 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் திட்டம் நடந்தது. நம் தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. காமராசர் முதல்வராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்க்காரர்கள் நிலமும் பெஞ்சும் தட்டும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1956இல் பரவத் தொடங்கிய மதிய உணவும் ஊரார் கொடையோடுதான் நடந்தது.

கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் கொடுப்பவர் குரல் கூட்டத்தில் ஓங்கும். கொடுக்க முடியாதவர் பின் வரிசைக்குப் போவார், அடுத்த கூட்டத்துக்கு வரவே மாட்டார். வசூல் பேச்சு எழும்போது இதை மனத்தில் வை. பள்ளியில் சேர்க்க நன்கொடை கேட்பதைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. மனமுவந்து யாராவது தந்தால் ரசீது கொடுங்கள். வரவு செலவைக் கூட்டத்தில் வாசியுங்கள். யார் எவ்வளவு தந்தார் என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை போகிற வழியில் ஊருட்டம்பலம் இருக்கிறது. ஒரு நாள் அங்கே போய்வா. தலித் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அன்றைய திருவிதாங்கூர் அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தும், பள்ளி வாசலில் அந்த உத்தரவு செல்லவில்லை. தலித் மக்களின் தலைவர் வெங்ஙானூர் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் அந்தப் பள்ளிக்குள் உட்கார வைத்தார். ஆதிக்க சாதிக்காரர்கள் பள்ளியையே கொளுத்தினார்கள். தீயில் கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் பாதுகாக்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயருமே உண்டு. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று கூலிக்காரர்களை வேலைநிறுத்தம் செய்ய வைத்தவரும் அவர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஞ்சமி அவர் பெற்ற மகளும் இல்லை.

உனக்கு மலையாளம் சரியாக வராது என்பதற்கும், நீ அங்கே போய் என்ன செய்வது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. தன் பிள்ளைக்காக எந்தத் தாயும் பேசிவிடுவாள். குழுவில் உட்கார்ந்தபின் மற்றவர் பிள்ளைக்காகவும் பேச வேண்டும். முக்கியமாக, கூட்டத்துக்கு வராதவர்களின் பிள்ளைகளுக்காக.

அவர்கள் அக்கறை இல்லாமல் வராமல் இருக்கிறார்கள் என்று டீச்சர்கள் சில சமயம் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால், சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிறவர் எப்படி வருவார்? மீன் கூடையோடு வீடு வீடாகப் போகிற அம்மா? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிக்கோ, அங்கே பேசுவது ஒன்றும் புரியாது. வருடத்தில் ஒன்றிரண்டு கூட்டங்களையாவது விடுமுறை நாள் காலையில் வைக்கலாமா என்று ஹெச்.எம்.மிடம் பணிவாகக் கேள். டீச்சர்களுக்கும் குடும்பம் உண்டு. அதனால் ஒன்றிரண்டு போதும். நீ தமிழிலேயே பேசு. உங்கள் ஊர் டீச்சர்களுக்குப் புரியும். நீ பேசினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாரும் வாய் திறப்பார்கள்.

உன் பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது ரேங்கைக் கேட்காதே. வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் மூன்றையும் பெற்றோரைக் கூட்டிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. "எதைத் தானாக வாசிக்கிறான்? எங்கே நின்றுபோகிறான்? வீட்டில் நான் என்ன செய்யலாம்?" என்று கேள். எப்படிப் பாடம் நடத்துவது என்பதை மட்டும் டீச்சருக்குச் சொல்லித் தராதே. அது அவர்கள் படித்துத் தேறிய தொழில். கேட்டு வந்ததை வைத்து வீட்டில் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். திட்டினால் அடுத்த கூட்டத்துக்கான அழைப்புச் சீட்டைப் பிள்ளை உன் கையில் தரவே மாட்டான்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய். போன கூட்டத்துக்கு வராதவர்கள் யார் யார் என்று கிளாஸ் டீச்சரிடம் கேட்டு, இரண்டு மூன்று வீட்டுக்குப் போய்வா. அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் சொல். மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டியதைத் தமிழில் எழுதி அனுப்பு, நான் மலையாளத்தில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா